ஜெட்கேட் பி100 டர்பைன்: நம்ம ஊர் வெயிலிலும் மண்ணிலும் எப்படி ஓடுகிறது

ரிமோட் ஜெட் மாடல்களில் வைக்கிற இந்த இஞ்சின் அருமையான இஞ்சின். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதில் பாதிக்கு மேல் எரிபொருள், குழாய், தூசி, தரை, காற்று என்று இஞ்சினைச் சுற்றியுள்ள சமாச்சாரம்தான். கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் இருந்து டர்பைன் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எத்தனை கிலோ தள்ளும், என்ன விலை என்ற இரண்டை மட்டுமே கேட்கிறார்கள். வாங்கிய இஞ்சின் வானத்தில் இருக்குமா அட்டைப்பெட்டியில் இருக்குமா என்பதை முடிவு செய்வது மற்ற விஷயங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம். ரிமோட்டில் பறக்கிற ஜெட் மாடல்களில் மின்மோட்டாரும் உள்ளே ஒரு விசிறியுமாக ஓடுகிற இடிஎஃப் ஒரு வகை. நிஜ ஜெட் இஞ்சினையே சின்னதாகச் செய்து வைப்பது இன்னொரு வகை. பி100-ஆர்எக்ஸ் இந்த இரண்டாவது வகை, ஜெட்கேட் நிறுவனம் ஜெர்மனியில் செய்வது. விட்டம் 97 மில்லிமீட்டர், எடை 1 கிலோவுக்குச் சற்று மேல், தள்ளுவிசை 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ. முழு த்ரோட்டிலில் 1,50,000 ஆர்பிஎம் தாண்டிச் சுற்றும், நொடிக்கு 2,500 சுற்று. முன்னால் காற்றை அழுத்துகிற சக்கரம், நடுவில் எரிகிற அறை, பின்னால் சூடு தாங்குகிற உலோகத்தில் டர்பைன் சக்கரம், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே தண்டு, தண்டுக்குச் செராமிக் குண்டு வைத்த பேரிங். சுற்றுவது அவ்வளவுதான். 1980-களின் கடைசியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜெர்மானியர் அழுத்துச் சக்கரத்தை மரப்பலகையில் செய்து, கார்பன் நார் சுற்றி, தன் கையாலேயே ஒரு ஜெட் இஞ்சினை ஓட வைத்தார். லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இந்தச் சங்கதி படித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை, அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

ஸ்டார்ட் ஆவதைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பழைய இஞ்சின்களுக்கு முதலில் கேஸ் சிலிண்டர் பிடித்துப் பற்றவைத்து, அப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இதில் அந்த வேலையெல்லாம் இல்லை. ட்ரான்ஸ்மிட்டரில் சுவிட்சைப் போட்டதும் முன்னால் இருக்கிற சின்ன மோட்டார் தண்டைச் சுற்றுகிறது, உள்ளே இக்னைட்டர் சிவக்கிறது, பம்பு சொட்டுச் சொட்டாக எரிபொருள் விடுகிறது, ஒரு மெல்லிய 'பும்' சத்தம், வெப்பம் ஏறுகிறது, இசியு என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி தானே பார்த்துப் பார்த்து எரிபொருளைக் கூட்டி ஐடிலில், அதாவது குறைந்தபட்ச ஓட்டத்தில், கொண்டுவந்து நிறுத்துகிறது. ஐடிலே 40,000 ஆர்பிஎம்முக்கு மேல். அந்தக் கூவலும், சுட்ட மண்ணெண்ணெய் வாசமும், பின்னால் காற்று அலையடிப்பதும்... இடிஎஃப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தராது. 2018-ல் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்ததிலிருந்து தலைக்கு மேல் நிஜ ஜெட் சத்தம் கேட்டுப் பழகின ஊர் இது. அந்தச் சத்தத்தின் குட்டி தரையில் நம் முன்னால் நிற்கும்போது வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோர் முகமும் மாறிவிடுகிறது.

காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பின்பக்கமிருந்து காற்று உள்ளே அடித்தால் சூடு வெளியேறாமல் இஞ்சின் வெந்துபோகும். இசியு பெரும்பாலும் நிறுத்திவிடும், ஆனாலும் அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. யாரும் இஞ்சினுக்குப் பக்கவாட்டில், டர்பைன் சக்கரத்தின் நேர்க்கோட்டில் நிற்கவும் கூடாது. பறந்து இறங்கியதும் அணைத்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் விட்டு விட்டுச் சுற்றி, உள்சூடு 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஆற்றுகிறது. அது முடிகிற வரைக்கும் பேட்டரியைக் கழற்ற வேண்டாம்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கிற 100 நியூட்டன் என்பது கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் எடுத்தது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பங்குனி சித்திரையில் காலை 11 மணிக்கே 35 டிகிரி. அந்தக் காற்றின் அடர்த்தி புத்தகக் கணக்கைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைவு. காற்று குறைந்தால் தள்ளுவிசையும் குறையும், இறக்கைக்குத் தூக்கும் சக்தியும் குறையும், தரையில் ஓடுகிற தூரம் கூடும். ஆகவே விற்கிறவர் இந்த விமானத்துக்கு 80 நியூட்டன் போதும் என்றால் நம்ம ஊருக்கு 100 போடுங்கள். என்னுடையது டேங்க் நிரப்பினால் 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஸ்போர்ட் ஜெட். காலை 8 மணிக்கு எழும்புகிற இடமும் மதியம் எழும்புகிற இடமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேறு. நான் வெயில் ஏறுவதற்குள் மூட்டை கட்டிவிடுகிற ஆள்.

த்ரோட்டிலைத் தள்ளினால் உடனே பாயாது என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஐடிலிலிருந்து முழுச் சக்திக்கு வர 3, 4 நொடி ஆகும். இறங்கும்போது நிலம் நெருங்கிய பிறகு 'ஐயோ, குறைகிறதே' என்று தள்ளினால் பலன் வருவதற்குள் சக்கரம் முள்வேலியில் இருக்கும். கொஞ்சம் சக்தி வைத்துக்கொண்டே, நீளமாக, நிதானமாக இறக்க வேண்டும். ஐடிலிலும் சற்றுத் தள்ளிக்கொண்டே இருப்பதால் சக்கரத்துக்கு பிரேக் அவசியம். பெட்ரோல் இஞ்சின் காற்றாடி விமானம் ஓட்டிப் பழகினவர்களுக்குக் கை மாற நாள் பிடிக்கிறது.

எரிபொருள்தான் நான் அதிகம் பேச விரும்புகிற விஷயம். முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மில்லி குடிக்கிறது. 3 லிட்டர் டேங்கில் கொஞ்சம் மிச்சம் வைத்து 8 நிமிடம் பறக்கலாம். விமான நிலைய எரிபொருள் நம் கைக்கு வராது. ரேஷன் கடை நீல மண்ணெண்ணெய் ஏழை வீட்டு அடுப்புக்குக் கொடுப்பது, அதைத் தொடவே வேண்டாம். நிறமில்லாத வெள்ளை மண்ணெண்ணெய் மானியமில்லாமல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பங்க் டீசலிலேயே இது ஓடுகிறது. கரி கொஞ்சம் கூடுதல், நாற்றம் கையிலும் காரிலும் ஒட்டிக்கொள்ளும், ஸ்டார்ட் ஆகும்போது புகைகிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. எதுவானாலும் 20 லிட்டருக்கு 1 லிட்டர் டர்பைன் எண்ணெய் கலக்க வேண்டும், ஏனென்றால் பேரிங்குக்குத் தனி எண்ணெய் கிடையாது, எரிபொருளில் ஒரு பங்கு போய்த்தான் அதை நனைக்கிறது. எண்ணெய் குறைந்தால் அந்த வேகத்தில் பேரிங் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த எண்ணெய் தோலில் படக்கூடாத சரக்கு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கையில் கேனைக் கொடுக்காதீர்கள்.

கலந்ததை வடிகட்டி, இன்னொரு கேனுக்கு ஊற்றும்போது வடிகட்டி, டேங்குக்கு ஏற்றும்போது மறுபடியும் வடிகட்டி. இதில் சோம்பல் கூடாது. பம்புக்குள் ஒரு நூல் போனாலும் போச்சு. இதைவிட மோசமானது காற்றுக் குமிழி. குழாயில் ஒரு விரல்கடை அளவுக்குக் காற்று போனால் ஜுவாலை அணைந்துவிடும், ஃப்ளேம் அவுட், அப்புறம் உங்கள் கையில் இருப்பது 10 கிலோ கிளைடர். அதனால் பெரிய டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் காற்றைப் பிடித்துவைக்கிற ஒரு சின்ன டேங்க் வைக்கிறார்கள். அதை வாங்காமல் மிச்சம் பிடிக்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. லட்சக்கணக்கில் போட்டு இஞ்சின் வாங்கிவிட்டு அதன் வாயில் வைக்கிற பாலாடையில் கஞ்சத்தனமா?

தூசி அடுத்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற மேல்காற்றைப் பற்றி உடுமலை, பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பூளவாடியிலும் கேத்தனூரிலும் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. வியப்பு என்னவென்றால் காற்று இந்த ஜெட்டை அவ்வளவாக அசைப்பதில்லை. எடையும் வேகமும் இருப்பதால் நேராகக் கிழித்துக்கொண்டு போகிறது, ஆட்டத்தைத் தானே சரிசெய்கிற ஜைரோ இருந்தால் இன்னும் நிம்மதி. காற்று தூக்கிக்கொண்டு வருகிற செம்மண் பொடிதான் எதிரி. அழுத்துச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு கல்துகள் பட்டால் அந்த வேகத்தில் இலை நெளிந்துவிடும். வாயில் கம்பிவலை போட்டால் தள்ளுவிசை சிறிது குறையும். பரவாயில்லை, போடுங்கள்.

தரைக்கு நான் பார்த்தவரை நம்ம பக்கம் இரண்டே வழி. வீடு வராத சைட்டுகளில் போட்டிருக்கிற தார் ரோடு ஒன்று, உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, முதல்நாள் பெருக்கி, எல்லைக்கல் எங்கெங்கே நிற்கிறது என்று நடந்து பார்த்து. கிழக்கு மேற்காக ஓடுகிற ரோடாக இருந்தால் விடவே விடாதீர்கள், வருஷத்தில் பாதி நாள் காற்று அந்தத் திசையில்தான். இன்னொன்று காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு. மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, மழைக்குப் பிறகு பார்க்கவே அழகு. ஆனால் கொழுக்கட்டைப் புல் காய்ந்துவிட்டால் அங்கே டர்பைன் வேண்டாம். பின்னால் வருகிற காற்று 500 டிகிரிக்கு மேல், புல் பற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். ஒரு பெரியவர் காட்டைக் கேட்கப் போனபோது விமானத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க தம்பி, தட்டுப்போர்ல தீப்புடிச்சா மாட்டுக்கு நான் என்னத்தைங்க போடுறது?" நியாயமான கேள்வி. அங்கே ஜெட்டை இறக்கவில்லை, மின்மோட்டார் விமானம் மட்டும் பறக்கிறோம்.

எங்கே பறந்தாலும் இரண்டு பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இஞ்சினுக்குக் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், பவுடர் சிலிண்டர் அடித்தால் தீ அணையும், இஞ்சினும் அதோடு முடிந்தது. புல்லுக்குத் தண்ணீர் நிரப்பின மருந்தடிக்கிற முதுகு டேங்க், புதிதாக வாங்கியது, பூச்சிமருந்து காணாதது. மயிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்தும் திடீரென்று எழும்பும். ஒரு ஆள் வானத்தை மட்டும் பார்க்க நிற்பது நல்லது, தனியாகப் போய்ப் பறக்கிற வேலையே இது இல்லை.

சட்டம் பற்றிக் கேட்கிறார்கள். 25 கிலோவுக்குள், பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்பார்வைக்குள் பறப்பதை மாதிரி விமானம் என்று 2021 ட்ரோன் விதிகள் தனியாகப் பிரித்திருக்கின்றன, அதற்கு டைப் சர்டிபிகேட் என்கிற மாடல் தரச்சான்று வேண்டியதில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி வேண்டும், 8 முதல் 12 வரை 200 அடிக்கு மேல் வேண்டும். பீளமேடு விமான நிலையமும் சூலூர் தளமும் அடுத்தடுத்து இருப்பதால் கோவை நகரத்துக்காரர்கள் தெற்கேயோ கிழக்கேயோ நல்ல தூரம் போக வேண்டியிருக்கும். போகுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் போகிற ஜெட்டில் 400 அடிக்குள் மேலும் கீழுமாகப் பெரிய வட்டம் போட முடியாது. அதற்காக உயரத்தை மீறாதீர்கள், தாழ்வாக நீளமாகக் கடந்து போவதே ஜெட்டுக்கு அழகு. ஒருத்தர் மீறினால் இந்தப் பொழுதுபோக்கே எல்லோருக்கும் மூடிவிடும்.

சர்வீஸ். இந்த மாதிரிச் சிறு டர்பைன்களில் 25 மணி நேரம் ஓடியதும் பேரிங் பார்க்க அனுப்புவது வழக்கம். 8 நிமிடக் கணக்கில் அது 180 பறப்புக்கு மேல், பொழுதுபோக்குக்காரனுக்கு வருஷக்கணக்கில் வரும். ஓடின நேரத்தை இசியுவே எழுதிவைக்கிறது. அனுப்புவதுதான் பாடு. ஒரு கூரியர் அலுவலகத்தில் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு எண்ணெய் வாடை அடிக்கிறது என்று திருப்பிவிட்டார்கள், உள்ளே ஒரு சொட்டு இல்லை என்று திறந்து காட்டியும் கேட்கவில்லை. விமானத்தில் போகிற சரக்கில் அவர்கள் கவனமாக இருப்பது சரிதான், ஆனால் என்ன செய்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை, அதில்தான் எனக்குக் கோபம். இஞ்சினை நன்றாகக் காயவிட்டு, வாய்களை அடைத்து, காற்றுப்புகாத பையில் போட்டு, பழைய அட்டைப்பெட்டியைத் தவிர்த்துவிட்டு வேறு இடத்தில் கொடுத்ததும் போனது.

உள்ளூரில் செய்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன, அதில் நமக்குக் கொடுப்பினை உண்டு. வெப்பக்காற்றை விமானத்தின் வால்வரை கொண்டுபோகிற இரட்டைச்சுவர் டெயில் பைப்பை ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறையில் மெல்லிய ஸ்டெய்ன்லெஸ் தகட்டில் உருட்டி, ஆர்கான் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். வெளியில் வாங்குவதற்கு எந்த விதத்திலும் குறைவில்லை. இஞ்சினை மட்டும் உள்ளூரில் பிரிக்க விடாதீர்கள், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும். அந்த வேகத்துக்கு பாலன்ஸ் பார்க்கிற மெஷின் வேண்டும்.

விலை, ஜெர்மனியிலேயே 2,000 யூரோவுக்கு மேல். அதன்மேல் சுங்கம், வரி, அப்புறம் விமானம், ரெட்ராக்ட் என்கிற மடங்கும் சக்கரம், இறக்கை வால் பலகைகளை அசைக்கிற சர்வோ மோட்டார், பேட்டரி. இஞ்சின் விலையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கல்லூரிப் பையன்கள் கேட்டால் முதலில் நுரை உடம்பு இடிஎஃப் ஒன்று வாங்கி ஒரு வருஷம் நன்றாகப் பறந்து, காற்றில் இறக்கிப் பழகிவிட்டு வரச் சொல்வேன். பறக்கத் தெரிந்தவர், கூட இரண்டு ஆள் உண்டு, தரை உண்டு என்றால் தயங்காமல் பி100 வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் வருகிறது என்றால் இசியுவில் ஓடின நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அணைத்து ஆறின பிறகு அழுத்துச் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்போ உரசலோ தெரிந்தால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.