டார்க் பீக் வரைபடம் ஓ.எல்.1: விமானச் சிதைவுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் டார்க் பீக் மலைமேட்டுக்கு, பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் இந்த வரைபடம் இல்லாமல் போகவே கூடாது. 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.; சிற்றோடைகூடத் தெரியும்.

ஸ்நேக் கணவாயில் பென்னைன் வே பாதையைப் பிடித்து, ஹெர்ன் கிளஃப் ஓடையோரமாக ஏறி, 621 மீட்டர் உயர ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் உச்சிக்குப் போங்கள். சற்று வடகிழக்கே, 1948 நவம்பர் 3 அன்று மேகமூட்டத்தில் தாழ்ந்து மோதிய அமெரிக்க ராணுவ விமானம் பி-29 கிடக்கிறது. கரிச்சதுப்பில் பாதி புதைந்த எஞ்சின்கள், நசுங்கிய அலுமினியத் தகடுகள், நடுவே நினைவுக்கல். 13 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்.

சதுப்புப் பள்ளங்கள் எல்லாம் பாதை மாதிரியே இருக்கும். மூடுபனியில் திசைகாட்டி கட்டாயம். காகிதப் பதிப்பு மழைக்குத் தாங்காது, பூச்சுள்ளதை வாங்குங்கள். ஓர் ஆணியைக்கூட எடுக்காதீர்கள்: ராணுவ விமானச் சிதைவுகளுக்கு 1986 சட்டப் பாதுகாப்பு உண்டு.