பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அரங்கம்: டிராபிகானா ஃபீல்டு, பல சீசன் அனுபவம்

விளையாட்டு அரங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இருக்கை, சாப்பாடு, மைதானம் என்று உள்ளேயிருந்துதான் தொடங்குவார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணி ஆடும் டிராபிகானா ஃபீல்டைப் பற்றி அப்படித் தொடங்கினால் முக்கியமான விஷயம் கடைசிவரை வராது. அதனால் முதலில் வரைபடம்.

அணியின் பெயரில் டாம்பா இருக்கிறது. அரங்கம் இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். இரண்டுக்கும் நடுவே ஒரு விரிகுடா. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பினெல்லஸ் தீபகற்பத்தின் தென்முனை: கிழக்கிலும் தெற்கிலும் டாம்பா விரிகுடா, மேற்கில் மெக்சிகோ வளைகுடா. அரங்கத்தை நடுவில் வைத்து 30 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் உள்ளே விழுவதில் பாதிக்கு மேல் தண்ணீர். மீனும் டால்ஃபினும் டிக்கெட் வாங்குவதில்லை. அட்லாண்டாவிலோ டென்வரிலோ அரங்கத்தைச் சுற்றி நாலாபுறமும் ஜனம். இங்கே ஒரு பக்கத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும், அந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் பாலம் ஏறியாக வேண்டும்.

டாம்பா நகர மையத்திலிருந்து அரங்கம் சுமார் 37 கிலோமீட்டர். ஞாயிறு காலையில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதே தூரம் வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும், அதுவும் ஹோவர்ட் ஃபிராங்க்லண்ட் பாலத்தில் யாரும் யாரையும் இடிக்காமல் இருந்தால். ஐ-275 நெடுஞ்சாலையே அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது. நடுவில் ஒரு விபத்து என்றால் வெளியேறச் சந்துபொந்து எதுவும் கிடையாது, தண்ணீருக்கு மேலே அப்படியே நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் டாம்பா பக்கத்து மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருப்பது பிராண்டன், வெஸ்லி சேப்பல் போன்ற கிழக்கு, வடகிழக்குப் புறநகர்களில். ஆண்டுக்கு ஆண்டு ரசிகர் கூட்டம் அரங்கத்தை விட்டுத் தள்ளித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பிராண்டனில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் பல ஆண்டுகள் 7:10-க்குத் தொடங்கியது, பிறகு 6:40, 6:50 என்று முன்னே நகர்ந்தது. ஐந்து மணிக்கு வேலை முடித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பாலம் தாண்டி, வண்டியை நிறுத்தி உள்ளே போவதற்குள் இரண்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். 2022 வரை ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. 2023-இல் பந்து வீசுவதற்கு நேரக்கட்டுப்பாடு வந்ததும் அது 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. அப்படியும் வீடு திரும்பும்போது பத்தரை, பதினொன்று. மறுநாள் பள்ளிக்கூடம். இதை வருஷத்துக்கு ஒருமுறை செய்யலாம், இரண்டு முறை செய்யலாம். பேஸ்பாலோ சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டம் கேட்கிற விளையாட்டு. ஐபிஎல் அணிக்குச் சொந்த ஊரில் ஒரு சீசனுக்கு ஏழு ஆட்டம்தான். ஏழு நாளைத் திருவிழாவாக்கிக் கூட்டம் சேர்த்துவிடலாம். 81 நாளை நிரப்ப வேண்டுமானால் ஆட்டத்துக்குப் போவது கடைத்தெருவுக்குப் போவதுபோலச் சுலபமாக இருக்க வேண்டும்.

2010 செப்டம்பரில் இது கண்ணெதிரே நடந்தது. பிளே-ஆஃப் இடம் உறுதியாகிவிடக்கூடிய ஒரு திங்கள் இரவு, வந்தவர்கள் 12,446 பேர். அணியின் நட்சத்திரங்கள் இவான் லாங்கோரியாவும் டேவிட் பிரைஸும் வெளிப்படையாகவே மனம் நொந்து பேசினார்கள். அணி உடனே 20,000 டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தது, அந்தப் புதன்கிழமை 36,973 பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள் கூட்டத்துக்கு இலவச டிக்கெட் போதும். மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் வரவைக்க அது உதவாது.

2023 இன்னும் வலிக்கிற கதை. சீசனின் முதல் 13 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, நவீன காலச் சாதனையைச் சமன் செய்து, 99 வெற்றியோடு பிளே-ஆஃபுக்குள் நுழைந்த அணி. அக்டோபர் 3 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்துக்கு 19,704 பேர் வந்தார்கள். கோவிட் கால ஆட்டங்களைத் தள்ளிவிட்டால், 1919 உலகத் தொடருக்கு (பேஸ்பாலின் இறுதித் தொடர்) பிறகு பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றுக்கு வந்த மிகக் குறைந்த கூட்டம் அது. நாடு முழுக்க ஒரே ஏளனம். ஆட்டம் தொடங்கிய நேரத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை: செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3:08. டாம்பாவில் வேலை பார்க்கும் ஒருவர் மதியச் சாப்பாட்டோடு விடுப்பு எடுத்தால்தான் முதல் பந்தைப் பார்க்க முடியும்.

ரசிகர்களே இல்லை என்ற பேச்சை நாங்கள் ஏற்பதில்லை. தொலைக்காட்சியில் இந்த அணியைப் பார்க்கிறவர்களின் அளவு, மைதான வருகைப் பட்டியலில் அணி நிற்கும் இடத்தைவிடப் பல ஆண்டுகள் மேலே இருந்திருக்கிறது. அதைவிட வலுவான சாட்சி டாம்பா பே லைட்னிங் ஐஸ் ஹாக்கி அணி. அதே மக்கள், அதே வருமானம், பனியே பார்க்காத ஊரில் பனித்தரையில் ஆடும் விளையாட்டு. ஆனால் அரங்கம் டாம்பா நகர மையத்தில். அந்த 19,092 இருக்கைகளும் ஆண்டுக்கணக்கில் நிறைந்திருக்கின்றன. ஹாக்கிக்குச் சொந்த ஊரில் 41 ஆட்டம்தான், கோப்பையும் மூன்று முறை வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் இடம் செய்யும் வேலையை அதற்காகக் குறைத்து மதிப்பிட முடியாது. இன்னொன்று: சீசன் டிக்கெட்டில் கணிசமான பங்கை வாங்குகிறவை நிறுவனங்கள். இந்த வட்டாரத்தில் பெரிய தலைமையகங்களே குறைவு, இருக்கும் அலுவலகங்களிலும் கணிசமானவை டாம்பா மையத்திலும், அதே நகரத்தின் அலுவலகப் பகுதியான வெஸ்ட்ஷோரிலும். வாடிக்கையாளரை மாலை ஆட்டத்துக்கு அழைத்துப் போக நினைக்கும் மேலாளர், நடந்தே போய்விடக்கூடிய ஹாக்கி அரங்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்.

அரங்கத்தை ஏன் அங்கே கட்டினார்கள் என்றால், அணியே இல்லாதபோது கட்டினார்கள். 1990-இல் ஃபுளோரிடா சன்கோஸ்ட் டோம் என்ற பெயரில் திறந்தது. இடத்துக்காக கேஸ் பிளான்ட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது, அந்தக் காயம் ஊரில் இன்றும் ஆறவில்லை. சிகாகோ ஒயிட் சாக்ஸ் வரும் என்று எதிர்பார்த்தார்கள், 1988-இல் இல்லினாய் சட்டமன்றம் புது அரங்கத்துக்குப் பணம் ஒதுக்கி அணியைத் தக்கவைத்துக்கொண்டது. 1992-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கைக்கெட்டி வாய்க்கெட்டவில்லை. 1998-இல்தான் டெவில் ரேஸ் என்ற புது அணி களமிறங்கியது.

முதல் ஆண்டு 25 லட்சம் பேர் வந்தார்கள். அதன்பிறகு எந்த ஆண்டும் அந்த எண்ணிக்கை திரும்பவில்லை. 1998 முதல் 2007 வரையான பத்து சீசனில் ஒன்பதில் பிரிவில் கடைசி இடம், அதிகபட்சமே 70 வெற்றி. 2003-இல் வருகை 10.6 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. அணி ஒன்று ஊரோடு ஒட்டிக்கொள்வது முதல் பத்தாண்டில்தான், அந்தப் பத்தாண்டு வீணானது. 2008-இல் பெயரை ரேஸ் என்று சுருக்கி, தோற்றத்தை மாற்றி, உலகத் தொடர்வரை போனபோதும் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. வடக்கிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் நிறைந்த ஊர் இது. நியூயார்க் யாங்கீஸ் 1996 முதல் டாம்பாவிலேயே வசந்தகாலப் பயிற்சி (சீசனுக்கு முந்தைய முகாம்) எடுக்கிறது, பிலடெல்ஃபியா ஃபிலிஸ் 1947 முதல் பக்கத்து ஊரான கிளியர்வாட்டரில், டொரான்டோ புளூ ஜேஸ் 1977 முதல் டனீடனில். ரேஸ் பிறப்பதற்கு முன்பே தாத்தா பேரனுக்கு வேறு அணியின் தொப்பியை வாங்கித் தந்துவிட்டார். யாங்கீஸ், ரெட் சாக்ஸ் வரும் நாட்களில் டிக்கெட் விலை ஏறும், அரங்கமும் நிறையும், ஆனால் ஆரவாரத்தில் பாதி எதிரணிக்கு.

பிறகு வியாபாரப் பக்கம். குறைந்த சம்பளச் செலவில் நிறைய வெல்லும் அணி என்று ரேஸைப் புகழாதவர் கிடையாது, அந்தப் புகழ் நியாயமானதும்கூட. ஆனால் அதன் விலையை ரசிகர் கொடுக்கிறார். நட்சத்திர வீரர்களில் டேவிட் பிரைஸ் 2014-இல் வேறு அணிக்குப் போனார், லாங்கோரியா 2017-இல், பிளேக் ஸ்னெல் 2020-இல், டைலர் கிளாஸ்னோ 2023-இல். பிள்ளைக்கு யார் பெயர் போட்ட சட்டை வாங்குவது என்று ஒரு தாய் யோசிக்கும் நிலை அணிக்கு நல்லதல்ல. அணியே ஊரில் இருக்குமா என்ற கேள்வி இதற்கு மேல்: டாம்பாவின் ஈபோர் சிட்டி பகுதியில் அரங்கம் கட்டும் திட்டம் 2018-இல் கைவிடப்பட்டது, பாதி சீசனை மான்ட்ரியாலில் ஆடும் யோசனை 2019-இல் தொடங்கி 2022 ஜனவரியில் செத்தது, 130 கோடி டாலர் புது அரங்க ஒப்பந்தத்திலிருந்து 2025 மார்ச்சில் அணியே பின்வாங்கியது. போகப்போகிறோம், போகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் விருந்தாளிக்கு யார் மனம் விட்டுச் சமைப்பார்கள்?

இனி உள்ளே. ஊர் முழுக்கத் திட்டுகிற அளவுக்கு மோசமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜூலை மாதம் வெளியே 33 டிகிரி வெயிலும் பிசுபிசுப்பும், தினமும் பிற்பகலில் இடி மழையும் இருக்கும்போது உள்ளே 22 டிகிரி. ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஏழாவது இன்னிங்ஸில் தேவைப்படும். குளிரூட்டும் கனஅளவைக் குறைப்பதற்காகக் கூரையை 6.5 டிகிரி சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள், மையப்பகுதிச் சுவர் பக்கம் அது தாழ்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கூரையைத் தாங்கும் கம்பிவடங்களோடு ஏ, பி, சி, டி என்று நான்கு வளைய நடைபாதைகள் தொங்குகின்றன. கீழே இருக்கும் சி, டி வளையங்களில் ஆடுகளத்துக்குள்ளான பகுதியில் பந்து பட்டால் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). உயரமாக எழும் பந்து வெளிர் கூரைக்குள் கரைந்துபோய், ஃபீல்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பதை எந்த சீசனிலும் பார்க்கலாம். பேஸ்பாலுக்கு இது அழகில்லை, ஒப்புக்கொள்கிறோம்.

வலது மையச் சுவருக்குப் பின்னால் 10,000 கேலன் தொட்டி. அதில் நிஜத் திருக்கை மீன்கள் (ஆங்கிலத்தில் ‘ரே’ என்றால் திருக்கை). பிள்ளைகள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, விரல்களைத் தட்டையாக விரித்துத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருக்கும். மீன் வழுக்கிக்கொண்டு அடியில் போகும்போது எழும் கீச்சொலி இந்த அரங்கத்தின் மிக நல்ல ஓசை. 2013 பிளே-ஆஃபில் ஹோசே லோபட்டான் ரெட் சாக்ஸுக்கு எதிராக அடித்த வெற்றி ஹோம் ரன் விழுந்ததும் இதே தொட்டியில்தான். கூட்டம் கைதட்டுவதோடு மாட்டுமணியும் ஆட்டும். மூடிய கூரைக்குள் 20,000 பேர் மணியடித்தால் காது அடைக்கும். 9,000 பேர் அடித்தால் காலி இருக்கைகளில் பட்டு எதிரொலிக்கும், அப்போதுதான் அரங்கம் சோர்வாகத் தெரியும். 2019-இல் மேல் அடுக்கை மூடிக் கொள்ளளவைச் சுமார் 25,000 ஆக்கியது இந்த வகையில் சரியான முடிவு. அதே ஆண்டு ரொக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள், கார்டு இல்லாமல் போகாதீர்கள்.

பொதுப் போக்குவரத்தை நம்பிப் போக வழியில்லை. ரயில் கிடையாது. போக்குவரத்துக்காக விற்பனை வரியை உயர்த்தும் யோசனையை 2010-இல் டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ மாவட்ட வாக்காளர்களும் 2014-இல் பினெல்லஸ் வாக்காளர்களும் நிராகரித்தார்கள். 2022-இல் வந்த சன்ரன்னர் பேருந்து அரங்கத்தின் பக்கமாகப் போகிறது, ஆனால் அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மையத்துக்கும் செயின்ட் பீட் பீச்சுக்கும் இடையே ஓடுவது, விரிகுடா தாண்டி டாம்பாவுக்குப் போவதில்லை. இரு நகர மையங்களை இணைத்த படகும் 2025-இல் நின்றுவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரியாக இருந்ததும் போயிற்று.

காரில்தான் போக வேண்டும் என்பதால்: பிராண்டன் பக்கமிருந்து வருகிறவர்கள் ஐ-275-ஐ விட்டுவிட்டு செல்மன் விரைவுச்சாலையைப் பிடியுங்கள். 2021-இல் திறந்த மேல்மட்ட நீட்டிப்பு நேராக, விரிகுடாவைத் தாண்டும் இன்னொரு பாலமான காண்டி பாலத்தின் வாசலில் இறக்கிவிடும். சுங்கம் உண்டு, சிக்னல்களில் மிச்சமாகும் நேரத்துக்கு அது தகும். முடிந்தால் நான்கு மணிக்கே பாலம் தாண்டி, சென்ட்ரல் அவென்யூவில் சாப்பிட்டுவிட்டு நடந்து போங்கள். வேலைநாள் மாலையில் கடைசி நேரத்தில்கூட நல்ல இருக்கை கிடைக்கும். முதல் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடைப்பட்ட கீழ் அடுக்கில் எடுங்கள்.

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் கூரைத் துணியைக் கிழித்தெறிந்தது. 2025 முழுவதும் அணி டாம்பாவில், யாங்கீஸின் பயிற்சி மைதானமான ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டில் ஆடியது. சுமார் 11,000 இருக்கை, சராசரி வருகை சுமார் 9,700. மழைக்கும் வெயிலுக்கும் பயந்து முதல் 59 ஆட்டங்களில் 47-ஐச் சொந்த மைதானத்திலேயே வைத்துக்கொள்ளும்படி அட்டவணையை மாற்றினார்கள். கூரை இருந்தபோது இடம் சரியில்லை, இடம் கிடைத்தபோது கூரை இல்லை. 2025 செப்டம்பர் இறுதியில் பாட்ரிக் சலுப்ஸ்கி தலைமையிலான குழு சுமார் 170 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. டிராபிகானாவுக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, அது சில ஆண்டுகளுக்கு அணியைத் தாங்கும். அதன்பிறகு கட்டப்போகும் அரங்கத்துக்கு அழகான படங்கள் நிறைய வரும். அந்தப் படங்களைப் பார்க்கும் முன், வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு பிராண்டனிலிருந்தும் வெஸ்லி சேப்பலிலிருந்தும் அந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று யாராவது வண்டி ஓட்டிப் பார்க்கட்டும்.