ஆயுள் சந்தா, எல்லா சேனலும்: அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்காதீர்கள்

ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே எக்ஸ்டன், டவுனிங்டவுன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக முதலில் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வேறு எங்கே இருந்தாலும் பொருந்தும். கேபிளை நிறுத்தப் போகிறோம் என்று யாரிடமாவது சொன்னால் போதும், "ஒரே ஒரு முறை பணம் கட்டுங்கள், ஆயுள் முழுக்க எல்லா சேனலும் வரும்" என்று, தொலைக்காட்சியிலும் இணையத்திலும் இணைக்கும் ஒரு கறுப்புப் பெட்டியோடு ஒருவர் வந்துவிடுகிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். 280 டாலர் வாங்கிக்கொண்டு போனார். பணம் போனதோடு முடிந்திருந்தால் முகநூலில் இரண்டு வரி எழுதி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை.

கேபிளை விட்டதற்குக் காரணம் பில். சேனல் தொகுப்பின் விலைக்குக் கீழே ஒளிபரப்புக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி. அது மட்டுமே மாதம் இருபது டாலரைத் தாண்டிவிட்டது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகியவற்றின் உள்ளூர் நிலையங்களைக் கேபிள் வழியாகக் கொடுப்பதற்கான தொகை அது. அதே நிலையங்கள் காற்றில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் 1992இல் வந்த கேபிள் சட்டப்படி, தங்கள் ஒளிபரப்பைக் கேபிள் நிறுவனம் எடுத்துக் கொடுப்பதற்கு நிலையங்கள் காசு கேட்கலாம். அவர்கள் கேட்கிறார்கள், கேபிள் நிறுவனம் அதை நம் தலையில் கட்டுகிறது. எங்கள் வீட்டில் அத்தைக்கு (என் மாமியார்) மாலைத் தொடர்கள், கணவருக்குக் கிரிக்கெட்டும் ஈகிள்ஸ் (ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கக் கால்பந்து அணி) ஆட்டமும், எனக்கு உள்ளூர்ச் செய்தி. இதற்கு இவ்வளவா என்று நிறுத்தினோம்.

நிறுத்துவது லேசில் நடக்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட, அவர் புதிய சலுகை ஒன்றை ஒப்பிக்க, அரை நாள் போனது. கேபிள் பெட்டிகளை அவர்கள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும், ஒரு பெட்டி திரும்பி வரவில்லை என்று 120 டாலருக்கு பில் வந்தது. ரசீது கையில் இருந்ததால் தப்பித்தோம். ரசீது இல்லாமல் அந்தக் கவுன்டரை விட்டு நகராதீர்கள். தொலைக்காட்சியை விட்டதும் தொகுப்புத் தள்ளுபடி போய், இணையக் கட்டணம் ஏறியது. கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆன்டெனா. இணையக் கடையில் முதலில் கண்ணில் பட்டது தாள்போல மெல்லிய ஒரு சதுரம். "960 மைல் தூரம், 4கே, 8கே, புதிய பூஸ்டர்" என்று விளம்பரம். 960 மைல் என்றால் ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்து சிகாகோவையே தாண்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போகிறது, பூமி வளைகிறது. எவ்வளவு உயரமான கோபுரமாக இருந்தாலும் வீட்டு ஆன்டெனாவுக்கு அறுபது, எழுபது மைலுக்கு மேல் நிச்சயமாகக் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 4கே ஆன்டெனா, டிஜிட்டல் ஆன்டெனா என்பதும் விற்பனைப் பேச்சு. ஆன்டெனா உலோகம், படத்தின் தரம் அதற்குத் தெரியாது. இங்கே அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12 அன்று நின்றபோது, கூரையில் பழைய ஆன்டெனா வைத்திருந்தவர்கள் அதையே வைத்து டிஜிட்டலும் பார்த்தார்கள்.

கணவர் தெரிந்தேதான் வாங்கினார். 960 பொய் என்றாலும் ஃபிலடெல்ஃபியாவின் ரோக்ஸ்பரோ பகுதியில் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் எங்கள் வீட்டிலிருந்து இருபது மைல் சொச்சம்தானே, அது போதாதா என்றார். நியாயமான கேள்வி. மாட்டியதும் பல நிலையங்கள் பளிச்சென்று வந்தன. நான் பார்க்கும் 6ஆம் சேனல் மட்டும் வரவே இல்லை. ஜன்னலில் ஒட்டினோம், சுவரில் ஒட்டினோம், பூஸ்டரைக் கழற்றி மாட்டினோம். ஊரே பார்க்கும் செய்தி நிலையம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வழி தெரியாமல் நின்றது.

காரணத்தைச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பெரும்பாலான நிலையங்கள் இன்று அலைநீளம் குறைந்த யூஎச்எஃப் அலைவரிசைக்குப் போய்விட்டன. நான் பார்க்கும் அந்த நிலையம், ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூபிவிஐ, மட்டும் பெயரிலும் 6, உண்மையான அலைவரிசையிலும் 6. அது 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, எஃப்எம் வானொலியின் வாசல்படியில் இருக்கிறது. டிஜிட்டலுக்கு முன்னால் அந்தச் சேனலின் ஒலியைக் கார் வானொலியில் 87.7இல் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போனதாக அவர் சொன்னார். அந்த அலையின் நீளம் மூன்றரை மீட்டர். அதை ஒழுங்காகப் பிடிக்க அதில் பாதி நீளமாவது, கிட்டத்தட்ட ஆறடி உலோகம், வேண்டும். ஒரு சாண் சொச்சம் அகலமுள்ள சதுரத்துக்கு அது எட்டாது. பூஸ்டர் வந்து சேர்ந்த அலையைத்தான் பெருக்கும், வராததை உண்டாக்காது.

தன் பரணிலிருந்து பழைய இரட்டைக் கம்பி ஆன்டெனா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முயல் காது என்பார்களே, அதுதான். இரண்டு கம்பிகளையும் முழுக்க இழுத்துப் படுக்கைவசமாக விரித்ததும் 6ஆம் சேனல் வந்தது. கடையில் அது பதினைந்து டாலருக்குள் கிடைக்கும். விற்றவருக்கு அந்தச் சதுரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதினேன். வெளிநாட்டு முகவரிக்கு எங்கள் செலவில் அனுப்ப வேண்டும், அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் 15 சதவீதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. மறுத்து எழுதியதும் 25 சதவீதம். கத்தரிக்காய் பேரமே இதைவிட நாகரிகமாக நடக்கும்.

ஆன்டெனா வாங்குமுன், ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் உள்ள டிஜிட்டல் தொலைக்காட்சி வரைபடத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எந்த நிலையம், எந்தத் திசை, எந்த அலைவரிசை என்று காட்டும். இலவசம். அப்பார்ட்மென்டில் இருப்பவர்களிடம் பால்கனியில் ஆன்டெனா கூடாது என்று நிர்வாகம் மிரட்டினால், உங்கள் தனி உபயோகத்தில் இருக்கும் பால்கனியில் தொலைக்காட்சி ஆன்டெனா வைப்பதைத் தடுக்க முடியாது என்று 1996இலேயே எஃப்சிசி விதி போட்டிருப்பதைச் சொல்லுங்கள். கேபிளை விட்டாலும் பிடித்த சேனல்கள் எல்லாம் இலவசம் என்று விளம்பரம் செய்து ஆன்டெனா விற்ற ஒரு நிறுவனத்தின்மீது 2021இல் நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் (எஃப்டிசி) நடவடிக்கை எடுத்தது. ஈஎஸ்பிஎன், சிஎன்என் போன்ற கேபிள் சேனல்கள் காற்றில் வருவதே இல்லை. எந்த ஆன்டெனாவும் அவற்றைக் கொண்டுவராது.

இடையில் கணவரின் பெரியப்பாவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் சொருகி இணையம் வழியாகப் படம் பார்க்கும் ரோகு குச்சி வாங்கினார். திரையில் வந்த குறியீட்டை எங்கே போடுவது என்று கூகுளில் தேடினார். மேலே வந்தது விளம்பரம்; அசல்போலவே பக்கம். குறியீட்டைப் போட்டதும் "செயல்படுத்த முடியவில்லை, இந்த எண்ணை அழையுங்கள்" என்றது. அழைத்தால், செயல்படுத்தும் கட்டணம் 99 டாலர் என்று ஒருவர் கனிவாகப் பேசினார். ரோகுவோ ஃபயர் டிவியோ, சாதனத்தைச் செயல்படுத்தக் கட்டணமே கிடையாது. அட்டை எண்ணைக் கேட்டபோது பெரியம்மா தொலைபேசியைப் பிடுங்கி வைத்ததால் காசு தப்பியது. முகவரியைத் திரையில் உள்ளபடி நீங்களே தட்டச்சு செய்யுங்கள்; தேட வேண்டாம்.

இனி பெட்டி.

அத்தைக்குச் சன் டிவி வேண்டுமே என்று விசாரித்தபோது, கோவில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பியைக் கைகாட்டினார்கள். பல வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்தவர், நம்மூர்ப் பிள்ளை என்றார்கள். மார்ச்சில், ஐபிஎல் தொடங்கும் முன் வந்தார். "அக்கா, மாதாமாதம் கட்டுகிற கதையே இல்லை. ஒரு தடவை கொடுங்கள், அப்புறம் என்னை மறந்துவிடுங்கள்" என்றார். தமிழ்ச் சேனல்கள், கிரிக்கெட், ஈஎஸ்பிஎன், எச்பிஓ என்று ஆயிரக்கணக்கில் பட்டியல் ஓடியது. அத்தைக்கு வாயெல்லாம் பல். "இந்தத் தம்பிக்கு ஒரு காபி கொடும்மா" என்றார். காபியும் கொடுத்தோம், ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் பணமும் அனுப்பினோம்.

பெட்டியில் நிறுவனத்தின் பெயர் இல்லை. அவர் பொருத்தும்போது முதலில் செய்த வேலை, கூகுளின் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைத்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு செயலியை இறக்கினார். "அந்தப் பாதுகாப்பு இருந்தால் படம் திக்கும் அக்கா" என்று காரணமும் சொன்னார்.

ஐபிஎல் முழுக்க ஓடியது. ஜூலையில் தொடர்கள் நடுவில் நிற்க ஆரம்பித்தன. ஓவல் டெஸ்டின் கடைசி நாள், 2025 ஆகஸ்ட் 4, இந்தியா ஆறு ரன் வித்தியாசத்தில் ஜெயித்த காலை, திரை கறுத்தது; அதன் பிறகு வெளுக்கவே இல்லை. கேட்டதற்கு "சர்வர் மாறுகிறது அக்கா" என்று பதில் வந்தது. அடுத்து, புதிய சர்வருக்கு 60 டாலர் என்றார். ஆயுள் சந்தா என்றீர்களே தம்பி என்றேன். "ஆயுள் என்றால் அந்தச் சர்வரின் ஆயுள் அக்கா" என்று கூசாமல் சொன்னார். மேலே பேசியதும் என் எண்ணை அடைத்துவிட்டார். வங்கியைக் கேட்டால், பணத்தை நீங்களே அனுப்பினீர்கள், மோசடிக் கணக்கில் சேராது என்றது. ஜெல் ரொக்கத்துக்குச் சமம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் தகராறு எழுப்பலாம், இதில் வழியில்லை. கார்டு வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

படம் நின்ற பிறகும் பெட்டி மின்சாரத்திலேயே இருந்தது. அந்த நாட்களில் எந்த இணையதளத்துக்குப் போனாலும் நீங்கள் மனிதரா என்று படங்களைக் காட்டிக் கேட்கத் தொடங்கியது. வங்கியின் தளம் உள்ளே விடவில்லை. கடைசியில் இணைய நிறுவனத்திலிருந்தே, உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து சந்தேகத்துக்குரிய போக்குவரத்து நடக்கிறது என்று கடிதம் வந்தது. கணவர் சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பெட்டியைப் பிடுங்கியதும் அடங்கியது.

2025 ஜூனில் எஃப்பிஐ வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. பேட்பாக்ஸ் 2.0 என்ற நச்சுநிரல், பெயரில்லாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே ஏற்றப்பட்டோ, பொருத்தும்போது இறக்கும் செயலி வழியாகவோ வீட்டுக்குள் வருகிறது என்கிறது. பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வது, அறியாத சந்தையிலிருந்து செயலி இறக்கச் சொல்வது, எல்லாம் இலவசம் என்று விற்பது ஆகியவற்றை அடையாளங்களாகச் சொல்கிறது. எங்கள் வரவேற்பறையில் நடந்ததை எழுதி வைத்ததுபோல் இருந்தது. இப்படிப்பட்ட பெட்டியை வைத்திருக்கும் வீட்டின் இணைய முகவரியை முகம் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். எவனோ எங்கோ உட்கார்ந்து திருடுவான். விலாசம் உங்களுடையதாக இருக்கும். ஜூலையில் கூகுள் தொடுத்த வழக்கில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் இதில் சிக்கியிருப்பதாகக் கூறியது. எங்கள் பெட்டியில் இருந்தது அதேதானா என்று சோதனைக்கூடத்தில் பார்க்கவில்லை. குப்பையில் போடாமல் மறுசுழற்சி மையத்தில் கொடுத்தோம். ரௌட்டரைப் புதிதாக அமைத்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், படம் நன்றாகவே வந்தாலும், இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

"சட்டவிரோதம் என்றால் போலீஸ் பிடிக்காதா?" என்று அத்தை கேட்டார். 2020 டிசம்பரில் வந்த சட்டப்படி, காசுக்காகத் திருட்டு ஸ்ட்ரீமிங் சேவை நடத்துவது இங்கே பெருங்குற்றம். சேவை நடத்துபவர்களைக் குறிவைத்த சட்டம் அது, வீட்டில் பார்ப்பவரை அல்ல. ஆகவே பயப்படாமல் புகார் கொடுங்கள். எஃப்டிசி தளத்திலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவான ஐசி3 தளத்திலும் நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

இப்போது முயல் காதில் செய்தி வருகிறது. ஈகிள்ஸ் ஆட்டம் ஈஎஸ்பிஎன்னிலோ பிரைமிலோ போனால்கூட, சொந்த ஊரில் ஒரு காற்றுவழி நிலையம் காட்ட வேண்டும் என்பது அந்தக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் வழக்கம், கணவருக்குக் குறையில்லை. அத்தைக்குச் சன் நெக்ஸ்ட் சந்தா முறையாகக் கட்டியிருக்கிறோம். எல்லாம் சேர்த்தும் பழைய பில்லில் பாதிகூட ஆகவில்லை.

அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதவில்லை. புது எண்ணிலிருந்து, சேவைக்குப் புதுப் பெயர் சூட்டி, அதே கோவில் குழுவில் தீபாவளிச் சலுகை என்று போட்டிருக்கிறார். ஆயுள் சந்தா இப்போது 310 டாலர்.