உரிமத்தைக் கொடுப்பதா, சொந்தமாகத் தொடங்குவதா?

சேலத்துச் சவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்க உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு புது வழி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்புரிமையை வெளி நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுக்கலாம், இல்லை வளாகத்திலேயே ஸ்டார்ட்அப் தொடங்கலாம்.

செலவு
உரிமம்: காப்புரிமைக் கட்டணத்தில் கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் 80% சலுகை உண்டு. மீதிப் பெருஞ்செலவு வாங்குபவருடையது.
ஸ்டார்ட்அப்: மாதிரி ஆலை, ஆட்கள், சம்பளம் எல்லாம் உங்கள் தலையில்.

நிலைப்பு
உரிமம்: காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு. வாங்கியவர் அலமாரியில் பூட்டிவைத்தால் போச்சு, அதனால் ஒப்பந்தத்தில் கெடு போடுங்கள்.
ஸ்டார்ட்அப்: கல்லூரி முதல்வர் மாறினாலே ஆட்டம் கண்டுவிடும்.

நேர்மை
உரிமம்: சிக்கல் குறைவு.
ஸ்டார்ட்அப்: இங்கேதான் எனக்குக் கவலை. மதிப்பெண் போடும் ஆசிரியரே முதலாளியாகவும் இருந்தால், சனிக்கிழமை வந்து வேலை பார் என்று அவர் சொல்லும்போது எந்த மாணவர் மறுப்பார்? மத்திய அரசின் 2019 ஸ்டார்ட்அப் கொள்கை, கல்லூரி ஆய்வுப் பணியாளர்களை ஆசிரியரின் கம்பெனி வேலைக்கு இழுக்கக் கூடாது என்கிறது, கல்லூரி எடுக்கும் பங்கையும் 2 முதல் 9.5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. இதை நடைமுறையில் காப்பாற்றுவது கல்லூரி முதல்வரின் பொறுப்பு.

வகுப்பை விட முடியாத ஆசிரியருக்கு உரிமமே சரி. ஆத்தூர்ப் பக்கத்துச் சிறு ஆலைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் போய்ச்சேர வேண்டும், ஓரிரு ஆண்டு விடுப்பும் கிடைக்கும் என்றால் தயங்காமல் ஸ்டார்ட்அப் தொடங்குங்கள், பங்கு விவரத்தை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொண்டு.