மேலே ஏறுகிறவரா, கீழே கயிறு பிடிக்கிறவரா?

எங்கள் வளவில் கூரைக்கு மேலே சாய்ந்திருந்த வேம்பைத் தறிக்க மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் ஏற, இருவர் கீழே. ஏறுகிறவருக்குத்தான் சம்பளம் கூட. அது நியாயம்தான், விழுந்தால் முதுகெலும்பு போவது அவருக்கு.

ஆனால் கீழ்வேலையைச் சும்மா கொப்பு இழுக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டுகிற கொப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டைக்குள்ளால் வந்து அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும், அந்த உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது, கையில்லை. "அண்ணை, மெல்ல விடுங்கோ" என்று மேலிருந்து குரல் வரும்போது சட்டென்று விட்டால் ஓடு நொறுங்கும், இறுக்கிப் பிடித்தால் கொப்பு ஊசலாடி ஏறினவரையே அடிக்கும்.

பனையில் ஓலை வெட்டுவது வேறு கதை. அங்கே காலில் தளைநார் என்ற நார் வளையம் போட்டு ஏறுகிறவர்தான் எல்லாம், கீழே நிற்பவர் ஓலை விழும்போது விலகி நின்று, பிறகு மிதித்து அடுக்கினால் சரி.

என்னைக் கேட்டால், பனைக்கு ஏறுகிறவருக்கு இரட்டிப்பாகக் கொடுக்கலாம். வீட்டோரத்து மரத்துக்குக் கயிறு பிடிக்கிறவருக்கும் அந்த மரத்தில் ஏறுகிறவருக்குக் கொடுக்கிற காசைக் கிட்டத்தட்டக் கொடுக்க வேண்டும், மொத்தமாகக் கொந்தராத்துப் பேசுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.