38,500 ரூபாய் எஸ்டிமேட்டும் பாயின் கடப்பாரையும்

என்னிடம் இருப்பது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,12,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்ஜின் இன்னும் கல்லுமாதிரி இருக்கிறது, ஆனால் கீழே இருக்கிற சமாச்சாரமெல்லாம் போன வருடத்திலிருந்தே முனக ஆரம்பித்துவிட்டது. சென்னை முகலிவாக்கத்தில் குடியிருக்கிறேன் என்றால் காரணம் கேட்கமாட்டீர்கள். ஆற்காடு சாலையிலும் மவுண்ட் பூந்தமல்லி சாலையிலும் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து நான் ரோட்டில் ஓட்டியதைவிடப் பள்ளத்தில் ஓட்டியதுதான் அதிகம். நடுவில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வண்டி பாதிச் சக்கரம் முங்க இரண்டு நாள் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரச்சினை ஒன்றல்ல. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கினால் முன்பக்கம் கடக் கடக் என்று சத்தம். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை ஒடித்தால் டொங் என்று ஏதோ குதிக்கிறது. வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தின்கிறது. அறுபதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊஊ என்று ஒரு ரீங்காரம், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன்.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. பெயர் வேண்டாம். ஏசி ஹால், காபி, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன், எல்லாம் சரி. இரண்டு மணி நேரம் கழித்து வந்து, "சார், சஸ்பென்ஷன் முழுசா போயிடுச்சு, ஸ்டீரிங் ராக்கும் போயிடுச்சு" என்று 38,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினான். ராக் அசெம்பிளி (ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் திருப்புகிற பாகம்), முன் ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) இரண்டு, பிரேக் டிஸ்க் இரண்டு, பேட், இன்னும் என்னென்னவோ. ராக்கில் எங்கே ஆட்டம் இருக்கிறது, கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். கஸ்டமர் உள்ளே வரக்கூடாதாம், பாதுகாப்பு விதியாம். சரி, வீடியோவாவது எடுத்துக் காட்டுங்கள் என்றதற்கு, வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டோம் என்றான். அந்தப் பின்பக்க ரீங்காரத்தைப் பற்றி எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட இல்லை, அதை விட்டுவிட்டீர்களே என்று கேட்டதற்கு "டயர் சத்தம் சார்" என்று பதில். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி இந்தப் பட்டறைக்குப் போனேன். விருகம்பாக்கம் பக்கம், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம், லிஃப்ட் கிடையாது, ஒரு பள்ளமும் இரண்டு ஜாக்கியும்தான். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "ஏற்கெனவே நிக்கிற வண்டிக்கே இடமில்ல தம்பி, நீ வேற" என்றார். அதனால் பாய் என்றே வைத்துக்கொள்வோம், அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதிருக்கும், கூட இரண்டு பையன்கள்.

நான் எஸ்டிமேட்டை எடுத்து நீட்டியதும் வாங்கவே இல்லை. "அதை உள்ள வை, சாவியைக் குடு" என்று பக்கத்து சீட்டில் என்னை உட்காரவைத்து அவரே ஓட்டினார். வளசரவாக்கம் தாண்டி மதுரவாயல் பைபாஸ் வரைக்கும். ஏசியை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், பேசவிடவில்லை. பைபாஸில் எழுபதில் போகும்போது ஸ்டீரிங்கை லேசாக வலது, இடது என்று அலைத்துப் பார்த்தார். வலதுபக்கம் வளைத்தால் ரீங்காரம் ஏறுகிறது, இடதுபக்கம் வளைத்தால் அடங்குகிறது. "லெஃப்ட் பின் பேரிங்" என்றார், அவ்வளவுதான். வலதுபக்கம் திரும்பும்போது வண்டியின் எடை இடதுபக்கச் சக்கரங்கள் மேல் சாயும், அதனால் சத்தம் கூடினால் இடதுபக்கத்து பேரிங்தான் என்று பிறகு விளக்கினார். டயர் சத்தமாக இருந்தால் இப்படி வளைப்பதற்கெல்லாம் மாறாதாம், ரோட்டின் மேல்பரப்பு மாறினால்தான் மாறும். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியா என்று அவராகவே கேட்டார். ஆமாம் என்றேன். சீல் வழியாகத் தண்ணீர் போய் கிரீஸ் கெட்டுவிட்டால் உடனே சத்தம் வராது, பல மாதம் கழித்துத்தான் ஊத ஆரம்பிக்கும் என்றார்.

பட்டறைக்குத் திரும்பி வந்து இறங்கியதும் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. புறங்கையை நான்கு சக்கரத்துப் பக்கமும் கொண்டுபோனார், காய்ச்சல் பார்ப்பதுபோல. இடது முன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார், வலதுபக்கம் வெதுவெதுப்பு, இடதுபக்கம் கொதிக்கிறது. வண்டி இடதுபக்கம் இழுப்பதற்கு அலைன்மெண்ட் காரணமே இல்லை, இடது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறது. ஒரே வருடத்தில் இந்த இழுப்புக்காக மூன்று முறை வீல் அலைன்மெண்ட் செய்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாகக் காட்டி அனுப்பினார்கள். ஒருத்தராவது சக்கரத்தில் கை வைத்துப் பார்த்திருக்கலாம்.

கழற்றிப் பார்த்தால், பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரின் ஸ்லைடர் பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அந்தப் பின் வழுக்கினால்தான் காலிப்பர் நகர்ந்து இரண்டு பேடையும் சமமாக அழுத்தும். இதில் உள்பக்க பேட் இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கம் ஆறு. இரண்டையும் என் உள்ளங்கையில் பக்கத்துப் பக்கம் வைத்தார், விளக்கமே தேவைப்படவில்லை. டிஸ்க்கை வெர்னியர் வைத்து அளந்துவிட்டு, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். இன்னும் இருக்கிறது, மாற்ற வேண்டாம். எஸ்டிமேட்டில் இரண்டு டிஸ்க்கின் காசு அங்கேயே போச்சு.

சத்தத்துக்கு வருவோம். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுத்தார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பிடித்து, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில், ஆட்டினால் இடதுபக்கம் டிக் டிக் என்கிறது. உள்ளே கை விட்டு டை ராட் எண்டை, அதாவது ராக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் நுனியை, பிடித்துக்கொண்டு என்னை ஆட்டச் சொன்னார், ஆட்டம் அங்கேதான், ராக்கில் இல்லை. ராக் எண்டை அதன் ரப்பர் உறைக்கு மேலேயே பிடித்துப் பார்த்தார், கெட்டியாக இருக்கிறது. அப்புறம் ஒரு முழ நீளச் சின்னக் கடப்பாரையை லோயர் ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். ஆர்மின் மூட்டில் இருக்கிற புஷ் ரப்பர் வாயைப் பிளந்தது, பழைய செருப்பு அறுந்துபோனதுபோல. இரண்டு பக்கமும் இதே கதை. டீசல் வண்டிக்கு மூக்கு கனம், இந்தப் புஷ் முதலில் போகும் என்றார்.

அந்த டொங் சத்தத்துக்கு வண்டியை இறக்கி, ஒரு பையனை ஸ்டீரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்தார். ஸ்டீரிங் திரும்பத் திரும்ப ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் டொங் என்று கையைத் தட்டிவிட்டது. ஸ்பிரிங்குக்கு மேலே, பாடியோடு சேரும் ஸ்ட்ரட் மவுண்டில் இருக்கிற பேரிங் சுற்ற மறுக்கிறது. கடக் சத்தத்துக்கு அதைவிட எளிமையான வழி: வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியின் லிங்க் ராட் இரண்டையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு சந்துக்குள்ளேயே மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டினார். சத்தமே இல்லை, அப்படியானால் லிங்க் ராட்தான். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, இன்னும் இரண்டு வருடம் ஓட்டு என்றார். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் பேப்பரே எடுத்தார். சத்தம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று என் கையாலேயே தொட்டுப் பார்த்தாகிவிட்டது, இதற்கு மேல் அவர் எதை மாற்றச் சொன்னாலும் நான் கேட்பேன்.

பார்ட்ஸ் நானே வாங்கித் தருகிறேன் என்றேன், தாராளமாக என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். கார் சாமான் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் அலைந்தேன். புதுப்பேட்டையில் பழசு பாதி விலைக்குக் கிடைக்குமே என்று போன் செய்து கேட்டதற்குத் திட்டுதான் விழுந்தது. "கதவு, கண்ணாடி, பம்பர் வேணா அங்க வாங்கு. ஸ்டீரிங், பிரேக் சாமான் பழசு எடுத்துட்டு வந்தா நான் மாட்டமாட்டேன்." சரி என்று புதிதாகவே வாங்கினேன். சும்மா ஒரு தகவல், பிரேக் செய்கிற பிரேக்ஸ் இந்தியாவும் சக்கரம் செய்கிற வீல்ஸ் இந்தியாவும் பாடியில் இருக்கின்றன, ஸ்டீரிங் சாமான் செய்கிற ரானே மெட்ராஸும் சென்னைக் கம்பெனிதான். சென்னைக்காரன் இதற்காகத் தூரமாகப் போக வேண்டியதே இல்லை, டப்பாவையும் சீலையும் பார்த்து வாங்கினால் போதும்.

வேலையில் நான் கவனித்த ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யார் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தே பட்டறையை எடைபோடலாம். லோயர் ஆர்ம் புதிது மாட்டியதும் பையன் போல்ட்டை முழுசாக முறுக்கப் போனான். பாய் "டேய், இரு" என்று நிறுத்தினார். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே போகும், புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி முறுக்கினார்கள்.

பின் டிரம்மைக் கழற்றியபோது இன்னொரு செலவு வந்தது. பிரேக் ஷூவைத் தள்ளுகிற இடது வீல் சிலிண்டரின் ரப்பருக்கு அடியில் பிரேக் ஆயில் கசிந்து ஈரம், ஷூவின் ஓரம் வரை நனைந்திருந்தது. மழைத் தண்ணீரில் நின்றதன் விளைவுதான் அதுவும். நல்லவேளை ஷூவின் லைனிங்கில் எண்ணெய் ஏறவில்லை. பிரேக் ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது. நான்கு வருடமாக மாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தரக்கணக்கு. ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சுபோல அமுங்கியது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

இனி குறைகள். சாயங்காலம் தருகிறேன் என்றவர் மூன்றாம் நாள்தான் கொடுத்தார். போன் செய்தால் எடுக்கமாட்டார், எடுத்தால் "ஆயிட்டே இருக்கு" என்பார். டிரம் தூசியைக் கம்ப்ரஸர் வைத்து ஊதினார்கள், பையன்கள் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது, சொன்னேன், சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் கிடையாது, எல்லாம் கை அளவுதான். வீல் நட்டைக் குறுக்காக, எதிரெதிராக முறுக்கினார் என்பது சரி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து இன்னொரு முறை பார்த்துக்கொள் என்றார், அதுவும் சரி. ஆனாலும் இந்த வேலைக்கு அந்தக் கருவி ஒன்று வாங்கி வைக்கலாம். பில் நோட்டுப் புத்தகத் தாளில்தான், வாரண்டி என்று எழுதித் தரமாட்டார். சீட்டில் கிரீஸ் கை பதிந்திருந்தது, துடைக்க அரை நாள் ஆனது.

அலைன்மெண்டுக்கு வேறொரு இடத்துக்கு அனுப்பினார். அங்கே நைட்ரஜன் போடுங்கள், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அவுட் என்றெல்லாம் ஆரம்பித்தார்கள், டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும் போதும், பாய் சொன்னார் என்றதும் அடங்கினார்கள். பேலன்சிங் வெயிட்டுக்கு கிராம் கணக்கில் காசு. வெளியே வந்து ஓட்டினால் வண்டி நேராகப் போகிறது, ஸ்டீரிங் மட்டும் வலதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. திரும்பப் போய் சண்டை போட்டு, ஸ்டீரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு டை ராடை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பி வாங்கி வந்தேன். அது பாயின் தப்பு இல்லை, ஆனால் அனுப்பியவர் அவர்தானே.

செலவு: லிங்க் ராட் ஜோடி 1,300, லோயர் ஆர்ம் இரண்டு 3,800, ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கோடு இரண்டு 2,000, டை ராட் எண்ட் ஒன்று 550, பின் பேரிங் 1,900, பேட் செட் 1,900, வீல் சிலிண்டர் 700, பிரேக் ஆயில் 350. சாமான் மொத்தம் 12,500, கூலி 4,500. ஆக 17,000. அலைன்மெண்ட், பேலன்சிங் தனியாக 1,150. ஸ்லைடர் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததற்குத் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார், நான் கேட்காமலேயே.

நான்கு மாதம், 3,200 கிலோமீட்டர் ஆகிறது. சத்தம் இல்லை, இழுப்பு இல்லை, புறங்கை வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது, இரண்டு முன் சக்கரமும் ஒரே சூடு. உள்பக்கம் தின்ற டயர்கள் மட்டும் பாவம், அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

போகிறவர்கள் காலை பத்தரைக்குள் நேரில் போய் நில்லுங்கள், போனை நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல்தான் கொட்டகை திறக்கும். பழைய துண்டு ஒன்றை சீட்டில் விரித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.