பழைய டிவிடி ஏன் விலை இறங்குவதில்லை: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

புதுப் படத்தின் டிவிடியோ புளூரேயோ வந்து ஆறு மாதம் போனால் கழிவு விலைக்கு வந்துவிடும். ஆனால் சில பழைய வட்டுகள் பத்துப் பதினைந்து வருடமாக உச்ச விலையிலேயே நிற்கின்றன. படம் ஏதோ ஒரு தளத்தில் இலவசமாகக்கூடக் கிடக்கும். அப்படியும் வட்டின் விலை அசையாது. நீண்டகாலமாக இவற்றை வாங்கி, பார்த்து, கொழும்புக் காற்றில் காப்பாற்றி வருகிறவன் என்பதால், எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வட்டின் விலை, அதை மறுபடி அச்சடிக்கும் உரிமை இன்று யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. படம் நல்லதா, பழசா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வட்டை வெளியிடும் கம்பனிக்குப் பெரும்பாலும் படம் சொந்தமில்லை. இத்தனை வருடத்துக்கு, இந்த நாடுகளுக்கு, இந்த வடிவத்தில் என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கித்தான் அச்சடிக்கிறது. தவணை முடிந்தால் அச்சு நிற்கும். கையிலுள்ளதை விற்றுத் தீர்க்கச் சில மாத அவகாசம் கிடைக்கலாம். அதன் பிறகு உலகில் இருக்கும் பிரதிகள்தான் மொத்தமும். பழைய நல்ல படங்களை வட்டில் வெளியிடும் கிரைடீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் 'தி தேர்ட் மேன்' படத்தை 2008 டிசம்பரில் புளூரேயாகக் கொண்டுவந்தது. 2010 இல் உரிமை கைமாறியதும் அந்தப் பதிப்பு நின்றுபோனது. படம் எங்கும் போகவில்லை, வேறு கம்பனி வெளியிட்டது. ஆனால் அந்தப் பதிப்பில் இருந்த கூடுதல் விஷயங்களுக்காக அதையே தேடுகிறவர்கள் இருந்தார்கள், விலை ஏறியது.

உரிமை ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பது இன்னொரு வகை. 1999 இல் வந்த 'டோக்மா' என்ற ஆங்கிலப் படத்தின் உரிமை ஸ்டூடியோவிடம் இல்லாமல் தயாரிப்பாளர்களான வைன்ஸ்டீன் சகோதரர்களின் தனிப்பட்ட கையில் இருந்தது. அதனால் பல வருடம் எந்தத் தளத்திலும் படம் ஓடவில்லை, புது வட்டும் வரவில்லை. பழைய புளூரே வைத்திருந்தவர் சொன்னதுதான் விலை. உரிமை பல கைகளில் சிதறிக் கிடந்தாலும் நிலைமை இதேதான். 1966 இல் தொடங்கிய 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடர் முறையான வட்டுத் தொகுப்பாக வர 2014 ஆனது. தயாரித்தது ஒருவர், பாத்திரங்கள் இன்னொருவருடையவை, எல்லாரும் ஒரு மேசையில் உட்கார அவ்வளவு காலம். அதே 2014 இல்தான் 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரும் வந்தது. அதில் தடை, பாட்டுகள். அன்று ஒளிபரப்புக்கு மட்டும் அனுமதி வாங்கிய பாட்டுகளுக்கு வட்டுக்கென்று மறுபடி காசு கட்ட வேண்டியிருந்தது.

சரி, தமிழ்ப் படங்களுக்கு வருவோம். நமக்கு வலிக்கிற இடம் இதுதான்.

தமிழ்ப் படத்தின் உரிமை ஆரம்பத்திலிருந்தே துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஏரியா வாரியாகத் திரையரங்கு, எஃப்.எம்.எஸ். என்று சொல்லும் வெளிநாடு–மலேசியா–சிங்கப்பூர் உரிமை, ஆடியோ, சாட்டிலைட், அதோடு மூலப் படச்சுருளுக்கான நெகட்டிவ் உரிமை. வீட்டு வீடியோ இதற்குள் ஒரு மூலை. லண்டனைத் தளமாகக் கொண்ட ஐங்கரன் இன்டர்நேஷனல், புலம்பெயர்ந்த நம்மவர்களை நம்பி ஆங்கில வசன வரிகளோடு நல்ல டிவிடிகளை வெளியிட்டது. வெள்ளவத்தைக் கடைகளில் நான் தேடி எடுத்தவற்றில் பாதிக்கு மேல் அவைதான். பிறகு 2007 வாக்கில் மோசர் பேயர் என்ற வட்டுக் கம்பனி இந்தியாவில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. அந்த விலையில் யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. பிள்ளைகள் கீறினால் இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணம். அந்தக் கம்பனி 2018 இல் கலைப்புக்குப் போனது. அதற்குள் தயாரிப்பாளர்கள் இணையத் தள உரிமைக்கு மாறிவிட்டார்கள். வட்டு உரிமையை யாரும் கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. பல படங்களுக்கு இன்று உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தயாரிப்பாளர் காலமாகியிருப்பார், நெகட்டிவ் உரிமை கடனுக்கு ஈடாகப் போயிருக்கும், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றிருப்பார்.

காலி வீதியில் நான் வழக்கமாகப் போன ஒரு சின்னக் கடை, இப்போது கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. அதன் முதலாளி ஒருநாள் ஒரு பெட்டியைத் துடைத்தபடி சொன்னார்: "உது இனி வராது தம்பி. இருந்ததை எல்லாம் கனடாவிலிருந்து வந்த ஆக்கள் அள்ளிக்கொண்டு போயிட்டினம். இது கடைசி." அவர் கேட்ட விலை எனக்கு அன்று அதிகமாகத்தான் பட்டது. இன்று அந்த விலைக்கு அதை யாரிடமும் வாங்க முடியாது.

ஏன் இவ்வளவு பாடு, படம்தான் யூடியூபில் இருக்கிறதே என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் விளங்கும். சினிமாஸ்கோப்பில் எடுத்த படத்தை இணையத்தில் தொலைக்காட்சிச் சட்டத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில், இடது பக்கம் நிற்கிறவரின் மூக்கு மட்டும் தெரிகிறது. மூலையில் சானலின் சின்னம். சில பிரதிகளில் பாட்டே இல்லை, சிலவற்றில் பின்னணி இசை எங்கோ தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி போலக் கேட்கிறது. என்னிடமுள்ள பழைய டிவிடியில் படம் முழு அகலத்தில் இருக்கிறது, வசனம் தெளிவு, பாட்டு வரிகளுக்கும் ஆங்கில வசன வரி இருக்கிறது. அக்காவின் பிள்ளைகளுக்குத் தமிழ் தடக்கும். அந்த வரிகள் இருப்பதால்தான் அவர்கள் எங்களோடு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள். மூல நெகட்டிவ் கெட்டுப்போயிருந்தால் இந்த டிவிடிதான் அந்தப் படத்தின் மிஞ்சிய நல்ல பிரதி. அதற்குக் கூடுதல் விலை கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமல் போனது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது நெகட்டிவ்கள் எரிந்தன. எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாத வட்டு, அச்சடிக்கப்படாத வட்டுதான்.

அதிக விலைக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. எண்பதுகளில் அமெரிக்காவில் ஒரு புதுப் படத்தின் விஎச்எஸ் கசெட் 80, 90 டொலருக்கு விற்றது. வாடகைக் கடைகள் ஒரு தடவை வாங்கி எத்தனை தரமும் வாடகைக்கு விடச் சட்டம் இடம் கொடுத்ததால், ஸ்டூடியோ தன் இலாபத்தை அந்த முதல் விற்பனையிலேயே எடுத்துக்கொண்டது. டெக்கும் கசெட்டும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் பார்த்த தலைமுறைக்கு இது புதிதில்லை. வீட்டுக்கென்று வாங்குவோர் குறைவு, அதனால் அந்தக் காலத்துச் சில படங்களின் கசெட் இன்றும் அரிது. டிஸ்னி வேறொரு வழி வைத்திருந்தது. படத்தைக் கொஞ்சக் காலம் விற்றுவிட்டு ஏழு முதல் பத்து வருடம் வரை பெட்டகத்தில் பூட்டிவிடும். அது வேண்டுமென்றே உண்டாக்கிய தட்டுப்பாடு. எனக்கு அந்த வியாபாரம் பிடிக்கவே இல்லை. பிள்ளைகள் பார்க்கிற படத்துக்கு அப்படிச் செய்யக் கூடாது.

இனி, பார்க்கிற விலையெல்லாம் உண்மை விலையும் இல்லை. இணையச் சந்தையில் பல விற்பனையாளர்கள் விலையைக் கணினி நிரலிடம் விட்டிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரின் விலையைப் பார்த்து ஏற்ற, அவரைப் பார்த்து இவர் ஏற்றுவார். 2011 இல் ஈக்களைப் பற்றிய ஓர் உயிரியல் புத்தகம் இப்படியே ஏறி அமேசானில் 2 கோடி டொலரைத் தாண்டியது. வட்டுகளிலும் அப்படித்தான்: ஒரு பிரதிதான் பட்டியலில் இருக்கும், 200 டொலர் என்று போட்டிருப்பார்கள், வருடக்கணக்கில் அது விற்காமலே கிடக்கும். ஆகவே கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஈபேயில் விற்று முடிந்த பட்டியலைப் பாருங்கள். பல நேரம் அது பாதிகூட வராது.

கொழும்பில் இருப்பவருக்கு இதன் மேல் இன்னும் சில அடுக்குகள். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ஆனது. அங்கே விலை ஏறாத வட்டும் இங்கே ஏறியது. அனுப்பும் கூலி, சுங்கம், 2024 ஜனவரி முதல் 18 வீத வற் வரி. சில வேளை வட்டை விடத் தபால் கூலி கூட. அதனால் நம்மில் பெரும்பாலானோர் லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். அவர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லுங்கள்: பெட்டியைக் கழற்ற வேண்டாம். பாரத்தைக் குறைக்கிறோம் என்று வட்டுகளை மட்டும் உருவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கீறல் ஒரு பக்கம், அட்டை இல்லாத வட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது மறுபக்கம்.

ரீஜன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், அதாவது ஒரு வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று பிரித்து வைத்த குறியீடு. டிவிடியில் இலங்கை 5, புளூரேயில் சி. அமெரிக்க வட்டுகள் 1 அல்லது ஏ, லண்டன் வட்டுகள் 2 அல்லது பி. டிவிடி பிளேயரை ரிமோட்டிலேயே எல்லா ரீஜனுக்கும் திறந்துவிடலாம், பல மொடல்களில் முடியும். புளூரே அவ்வளவு இலகுவில்லை. 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு ரீஜன் கிடையாது, அந்த மட்டில் நிம்மதி.

அப்புறம், காலம். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மரைன் டிரைவும் தண்டவாளமும்தான். உப்புக் காற்று முதலில் பிளேயரின் பின்பக்க இணைப்புகளைப் பிடிக்கும், பிறகு ரிமோட்டின் பற்றரிக் கம்பியை. வட்டுகளில் முதலில் போனவை புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய கொப்பிகள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஊதா நிறம் அடித்தால் அது கணினியில் எழுதியது, சுத்த வெள்ளியாக இருந்தால் ஆலையில் அச்சடித்தது. ஊதா வட்டில் தகவல் இருப்பது சாயத்தில், வெக்கையும் வெளிச்சமும் அதைத் தின்றுவிடும். வெள்ளி வட்டுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் ஓடுகின்றன.

ஆனால் அச்சடித்ததும் கெடலாம். டிவிடி என்பது தலா 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தட்டுகளை ஒட்டியது. ஒட்டுப் பசை சரியில்லாவிட்டால் உள்ளிருந்து அழுகும். 2006 முதல் 2008 வரை அச்சடித்த தன் டிவிடிகளில் ஒரு பகுதி இப்படிக் கெடுகிறது என்று வார்னர் நிறுவனமே 2025 இல் ஒப்புக்கொண்டது. அந்த வருட வட்டு என்றால், விலை கொடுக்க முன் டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பிலோ நடுவளையத்தின் பக்கமோ பால் சிந்தியது போல மங்கல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம், அதனால் படத்தின் நடுப்பகுதியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தகவலை இரண்டு அடுக்காக வைத்திருக்கும் வட்டில், ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில்தான் படம் முதலில் உறைந்து நிற்கும். விஎச்எஸ் என்றால் கசெட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் மேல்விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் பூஞ்சணம். அதைப் போட்டால் டெக்கின் ஹெட்டும் கெடும், பிறகு போடுகிற நல்ல கசெட்டுக்கும் தொற்றும்.

நான் அரிய வட்டுகளைச் சதுரப் பிஸ்கட் தகர டின்களில், சிலிக்கா ஜெல் பைகளோடு, நிமிர்த்தி வைக்கிறேன். பைகளை மழைக்காலத்துக்கு முன் மாற்றுவேன். மலிவான ஏற்பாடு, நன்றாகவே பலன் தருகிறது.

விலை எப்போது இறங்கும்? மறுபதிப்பு வந்தால். 'தி அபிஸ்' படத்துக்குப் பல வருடம் 2000 ஆம் ஆண்டு டிவிடிதான் கதி. 2024 இல் புளூரேயும் 4கேயும் வந்ததும் பழையதற்கு அந்த மவுசு இல்லை. ஆனால் பழையதில் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று புதியதில் இல்லையென்றால் மறுபதிப்பும் விலையைத் தொடாது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களின் திரையரங்கு வடிவம், பின்னாளைய மாற்றங்கள் இல்லாமல், 2006 டிவிடிகளின் இரண்டாவது வட்டில் இருக்கிறது. டிவிடிக்கு முந்திய பெரிய வட்டான லேசர்டிஸ்க்குக்கு 1993 இல் செய்த மூலப் பிரதியிலிருந்து எடுத்தது, இன்றைய பெரிய திரையில் தரம் போதாது. இருந்தும் அதன் பிறகு எத்தனை புளூரே வந்தும் அந்த வடிவம் அவற்றில் இல்லை. அதனால் அந்த டிவிடிக்கு இன்றும் ஆள் உண்டு.

ஆகவே வாங்க முன் நான் பார்ப்பது: உரிமையாளர் பெரிய ஸ்டூடியோவா? அப்படியானால் காத்திருப்பேன், என்றாவது 4கே வரும். உரிமை சிதறிய தமிழ்ப் படமா? நல்ல நிலையில் கண்டால் பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் எடுத்துவிடுவேன்.

இனி பிளேயரையும் யோசிக்க வேண்டும். ஒப்போ 2018 இலும் சாம்சுங் 2019 இலும் எல்ஜி 2024 இலும் புளூரே பிளேயர்களை நிறுத்திவிட்டன. பெரிய கம்பனிகளில் சோனியும் பனசோனிக்கும் மிச்சம். பழைய நல்ல பிளேயர்களின் விலை ஏற்கெனவே வட்டுகளின் வழியில் ஏறுகிறது. நான் பாவிக்கும் டிவிடி பிளேயரின் லென்ஸை ஒரு தடவை மாற்றிவிட்டேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் அது இன்னும் கிடைக்கிறது. பிளேயரின் மொடல் எண்ணோடு, லென்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வேறொன்றைத் தந்துவிடுவார்கள்.